சுவருக்கு அந்தப்பக்கம் தங்கிய டப்பாக்கள்

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் கம்ப்ளையன்ஸ் பிரிவில் வேலை செய்கிறார். அது என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் வந்து குறை கண்டுபிடிப்பதற்கு முன்னால் இவர் குறை கண்டுபிடிக்க வேண்டும். குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் மனிதரைக் கட்டிக்கொண்டவள் வீட்டில் எப்படி இருப்பாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பல வருடம் அந்தப் புத்தியை அவர் தொழிற்சாலை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நானும் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் உட்கார்ந்தவள்தான். கழுத்து வலி வந்த பிறகு நின்றுவிட்டேன். ஆடிட் நாளென்றால் எங்களுக்கெல்லாம் புதுக் கையுறை வரும், கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கும், மேனேஜர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். மறுநாள் மூன்றும் இருக்காது. அதனால் ஆடிட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குச் சிரிப்புதான் வரும்.

போன வருடம் இவரைச் சுற்றுச்சூழல் பற்றிய ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது நன்றாகத்தான் போனார். திரும்பி வந்து சாப்பிட்டுக் கை கழுவியவர், ஹாலுக்குப் போகாமல் சமையலறை நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். மேல் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது மேஜர் என்.சி." என்றார்.

ஆடிட் பாஷையில் என்.சி. என்றால் குறை. மைனர் என்றால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். மேஜர் என்றால் ஆர்டரே போய்விடும். என் சமையலறையின் மேஜர் குறை, அந்தத் தட்டில் நான் அடுக்கி வைத்திருந்த பிரியாணி டப்பாக்கள்.

எங்கள் ஊரில் அந்தத் தட்டு இல்லாத வீடு கிடையாது. கடையில் பிரியாணி பார்சல் வாங்கினால் ஒரு பிளாஸ்டிக் டப்பா வரும், தால்சாவுக்கும் கத்திரிக்காய்க்கும் சின்ன டப்பாக்கள் வரும். தூக்கிப் போட மனசு வராது. கழுவிக் காயவைத்து, பெரியதற்குள் சின்னதைப் போட்டு அடுக்கி வைப்போம். பக்கத்து வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அதில்தான் போகும். அவர்களும் அப்படித்தான் அனுப்புவார்கள். யாருடைய டப்பா யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

"பாலாத்துல இன்னா ஓடுதுன்னு ஊருக்கே தெரியும். அதை விட்டுட்டு எங்க டப்பா மேல பாயறீங்களே" என்றேன்.

"பாலாறு என் கையில இல்ல. இந்த டப்பா கீது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் கொண்டு வந்த மாற்றங்களில் சில நல்லவைதான். வாஷிங் மெஷினிலிருந்து வரும் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்ற ஆரம்பித்தார். அதை அவரே செய்தார் என்பதால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஷாம்பு பாக்கெட் நின்று சீயக்காய் வந்தது. காய்கறிக் குப்பை தனியாகப் போனது. கடைக்குப் போகும்போது தொழிற்சாலையில் ஷூ போட்டுக் கொடுக்கும் துணிப் பைகளில் கழித்துப்போட்டவற்றை எடுத்துக்கொண்டு போனோம். காய்காரம்மா அதைப் பார்த்து, "இன்னாம்மா, செருப்பு பையில தக்காளி வாங்கறியே" என்று கேட்டாள். புதுப் பை, அதில் செருப்பே போட்டதில்லை என்று நடுச்சந்தையில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

பிரியாணிக் கடைக்குத் தூக்குப் பாத்திரம் எடுத்துப் போன கதையும் உண்டு. இவர் பெருமையாகப் பாத்திரத்தை நீட்டியிருக்கிறார். கடைக்காரர் மறுப்பு சொல்லவில்லை. ஒரு புது பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அளவுக்குப் பிரியாணியை அதில் அமுக்கி, தூக்கில் கவிழ்த்துவிட்டு, டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறார். அளவுக்கு அவருக்கு அந்த டப்பாதான் படி. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகம் வாடியிருந்தது. நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அதற்கும் அவர் அசரவில்லை. அடுத்த வாரம் கூடைக்குள் போவதற்குமுன் அந்த டப்பாவைக் கடைக்காரர் கையிலேயே திருப்பி வைத்து, இனி தன் பாத்திரத்துக்கு இதே டப்பாவால் அளக்கும்படி சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மேல் தட்டு காலியாயிற்று. பழைய சாமான் வாங்குகிறவர் வண்டியில் என் டப்பாக்கள் எல்லாம் ஏறிப் போயின. இனிமேல் கொடுப்பது வாங்குவது எல்லாம் எவர்சில்வரில்தான் என்று வீட்டுக்காரர் அறிவித்தார். என் கல்யாணத்துக்கு வந்த மூடி போட்ட டப்பாக்கள் பரணில் காகிதம் சுற்றிக் கிடந்தன. அம்மா வீட்டில் என் பெயரை வெட்டிக் கொடுத்தவை. அவற்றை இறக்கிக் கழுவி அடுக்கியபோது, உண்மையைச் சொன்னால், அந்தத் தட்டு முன்னைவிட லட்சணமாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பாபியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீட்டுப் பெண்களைப் பாபி என்றுதான் கூப்பிடுவோம். அவள் என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் வீட்டுக்காரர் பாய்க்குத் தோல் பதனிடும் டேனரியில் டிரம் பிரிவில் வேலை. தோலையும் மருந்தையும் போட்டு உருட்டுகிற ஆளுயர உருளைகளை அங்கே டிரம் என்பார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நெஞ்சளவுச் சுவர். அவள் பாத்திரம் கழுவும் இடமும் என்னுடையதும் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும். காலையில் முதல் பேச்சும் சாயந்திரம் கடைசிப் பேச்சும் எங்களுக்கு அங்கேதான்.

எனக்கு வேலூரில் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து படுத்திருந்தபோது, பாபிதான் எங்களுக்குச் சோறு போட்டாள். கேட்டுவிட்டுக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. காலையில் கஞ்சி வந்து நிற்கும், மத்தியானம் குழம்பு வந்து நிற்கும். என் அக்கா தங்கைகள் போனில் விசாரித்தார்கள். இவள் வந்து என் தலையைப் பின்னிவிட்டுப் போனாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தக் கதையில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் ஏதாவது வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். வீட்டில் செய்த பண்டம் எதுவும் இல்லையென்றால் இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி சர்க்கரை, நாலு கொத்துக் கறிவேப்பிலை ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். பாபி வீட்டிலும் அப்படித்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மட்டும் இந்த மரியாதை இல்லை. அதை யாரும் பாத்திரமென்று நினைத்ததே கிடையாது. போனால் போனதுதான்.

எவர்சில்வர் வந்த புதிதில் இரண்டு வீட்டுக்கும் கொண்டாட்டமாக இருந்தது. என் டப்பாவில் சாம்பார் போகும், மறுநாள் அதில் சேமியா வரும். நான் கொழுக்கட்டை வைத்தால் கத்திரிக்காய்ப் பச்சடி வரும். அவள் வீட்டு நோன்புக் கஞ்சி அவள் தூக்கில் வரும், நான் அதில் சுண்டல் போட்டு அனுப்புவேன். சுவர் மேல் எப்போது பார்த்தாலும் ஒரு பாத்திரம் உட்கார்ந்திருக்கும்.

"பாத்தியா, வேஸ்ட்டே இல்ல. சுத்திச் சுத்தி வருது. இதுக்குப் பேரு சர்க்குலர்" என்று வீட்டுக்காரர் சுவரைக் காட்டிச் சொன்னார். தொழிற்சாலையிலும் யாரிடமோ இதைச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஊரில் வேலை மந்தமாயிற்று. வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்துவிட்டன என்றார்கள். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது, அதோடு தப்பித்தோம். பாய் வேலை செய்த டேனரியில் முதலில் பாதி நாள் வேலை, பிறகு கூப்பிட்டால் வந்தால் போதும் என்றார்கள். பிறகு கூப்பிடவில்லை. பாபி இதை என்னிடம் சொல்லவில்லை. விடிந்ததும் சைக்கிளில் டேனரிக்குப் போகும் மனுஷன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போவதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். வாலாஜாபேட்டைப் பக்கம் ஒரு குடோனில் மூட்டை இறக்கப் போகிறார் என்று தெருவில் சொன்னார்கள். அதுவும் தினமும் கிடைக்கிற வேலை இல்லை.

கஷ்டம் என்று தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? "இன்னைக்குக் கொழம்பு ஜாஸ்தி ஆயிடுச்சி பாபி, நீ கொஞ்சம் வாங்கிக்கோ" என்று சுவர் மேல் டப்பாவை வைப்பேன். தினமும் குழம்பு எப்படி ஜாஸ்தியாகும்? சமைக்கத் தெரியாதவளா நான்? அவளுக்கும் தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொள்வாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. ஆபரேஷன் சமயத்தில் அவள் செய்ததற்கு இப்போதாவது செய்ய முடிகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

டப்பாக்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றிலும் ஏதாவது இருந்தது. முதலில் சேமியாவும் பச்சடியும் வந்தன. பிறகு அவர்கள் வீட்டு வாசல் மரத்து முருங்கைக்கீரை வந்தது. கீரையே திரும்பத் திரும்ப வந்தபோது, மரம் நன்றாகத் துளிர்த்திருக்கிறது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பிறகு சர்க்கரை வந்தது. கடைசியாக ஒரு டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு பிடி பச்சரிசி இருந்தது. நான் அதை என் அரிசித் தவலையில் கொட்டிவிட்டு மூடினேன். அப்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

பிறகு டப்பாக்கள் வருவது நின்றது.

நான் கொடுத்தவை எல்லாம் ஒவ்வொன்றாக அந்தப்பக்கமே தங்கின. பாபியும் கண்ணில் படவில்லை. நான் பாத்திரம் கழுவ வரும் நேரத்தில் அவள் குழாய்ச் சத்தம் நின்றுவிடும். "பாபி" என்று கூப்பிட்டால், "குளிக்கறேங்கா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எவ்வளவு நேரம்தான் ஒருத்தி குளிப்பாள்? எனக்கு முதலில் குழப்பம், பிறகு கோபம். நான் இவ்வளவு செய்கிறேன், முகம் கொடுத்துப் பேசினால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்காரர் வேறு தினமும் மேல் தட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"பெரிய டப்பா எங்க? மூடி போட்டது?"

"பாபி வீட்ல."

"இன்னொண்ணு?"

"அதுவும்."

"ரூட் காஸ் இன்னா?" என்றார். ஏன் நடந்தது, வேர் எங்கே இருக்கிறது என்று தொழிற்சாலையில் கேட்கும் கேள்வி. நான் கையிலிருந்த கரண்டியைக் காட்டினேன். அவர் ஹாலுக்குப் போய்விட்டார்.

அந்த வாரம் என் தங்கை குடும்பத்தோடு குடியாத்தத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். பெரிய டப்பா எனக்கு நிஜமாகவே வேண்டியிருந்தது. அது ஒரு சாக்கு என்றும் சொல்லலாம். கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, சுவர்ப்பக்கம் போகாமல் நேராக அவள் வாசலுக்குப் போனேன். கதவைத் தட்டியபோது என் மனசில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை.

பாபி கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள். அவள் ஒதுங்கியதால் சமையல் மேடை தெரிந்தது. என் டப்பாக்கள் அத்தனையும் அங்கே இருந்தன. புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். என் வீட்டில் அவை அவ்வளவு பளபளப்பாக இருந்ததே இல்லை. அவற்றைத் தவிர அந்த மேடையில் ஓர் உப்பு ஜாடியும் தீப்பெட்டியும்தான் இருந்தன.

அவளே பேசினாள்.

"எடுத்துனு வரலாம்னுதான் பாக்கறேங்கா. போட்டுக் குடுக்க ஒண்ணும் அமையல. நாளைக்குக் குடுக்கலாம், நாளைக்குக் குடுக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள நீங்க இன்னொண்ணு வெச்சிடறீங்க."

அந்தப் பச்சரிசி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் வீட்டு உலைக்கு வைத்திருந்ததில் ஒரு பிடியை எடுத்து, மூட்டை அரிசி வாங்கிப் போடுகிற என் வீட்டுத் தவலைக்கு அனுப்பியிருக்கிறாள். நான் அதை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன்.

"வெறுமையா குடுத்தா இன்னா பாபி? நான் இன்னா வெளியாளா? ஆபரேஷன் ஆனப்ப உன் பாத்திரத்தை எல்லாம் நாங்க வெறுமையாத்தானே குடுத்தோம்?"

"அது ஒடம்பு சரியில்லாத வீடுக்கா. படுத்துக்கெடக்கறவங்க கிட்ட யாராவது இதெல்லாம் பாப்பாங்களா?" என்றாள். "எங்க வீட்ல யாருக்கு இன்னா? நல்லாத்தானே கீறோம்."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "முன்னாடி பிளாஸ்டிக் டப்பால குடுப்பீங்க. அப்போ ஒண்ணும் தெரியல. இப்போ ஒவ்வொரு தடவையும் டப்பாவைப் பாத்தா எனக்குப் பயமா கீது. இனிமே குடுக்காதீங்கக்கா. கோச்சிக்காதீங்க."

டப்பாக்களை அவள் கையில் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் தங்கைக்கு எதில் என்ன கொடுத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க பூமியைக் காப்பாத்தறேன்னு ஒரு பொம்பளைய மூலையில உக்கார வெச்சிட்டோம்" என்றேன். ரூட் காஸ் என்று அவர் மட்டும் அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாப்பிடாமல் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பாய் தோஸ்த். இரண்டு பேரும் சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பார்கள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர், சாப்பாட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து மேடைமேல் வைத்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார். பார்த்தால் புது பிளாஸ்டிக் டப்பாக்கள். பிரியாணிக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். எந்தக் கடைக்காரர் கையில் டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு வந்தாரோ அதே கடைக்காரரிடம். அதைக் கேட்கும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் மேல் எனக்கு அன்று இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

மீன் குழம்பு வைத்து, அந்த டப்பாவில் ஊற்றி, சுவருக்குப் போனேன். பாபி துணி அலசிக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஆனால் தொடவில்லை.

"இதெல்லாம் ஆகாதுன்னு அண்ணன் எல்லாத்தையும் போட்டுட்டாரே."

"எங்கேயோ ஒண்ணு கெடந்தது."

"புதுசா கீதேக்கா" என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "ஊருக்கெல்லாம் எவர்சில்வர். எங்களுக்கு மட்டும் தூக்கிப் போடற டப்பாவா?"

நான் குழம்போடு திரும்பி வந்தேன்.

அடுத்து வந்த நாட்கள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காத நாட்கள். சுவர் மேல் ஒன்றும் இல்லை. குழாய் திறக்கும் சத்தம் கேட்கும், மூடும் சத்தம் கேட்கும், பேச்சு இருக்காது. அவள் வீட்டில் தாளிக்கிற வாசனை எல்லா நாளும் வரவில்லை. நான் என் வீட்டில் வெங்காயம் வதக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அவளுக்குக் கொடுக்கவும் முடியாமல், கொடுக்காமல் இருக்கவும் முடியாமல், எனக்குச் சோறு இறங்கவில்லை. எவர்சில்வரில் வைத்தால் பயம், பிளாஸ்டிக்கில் வைத்தால் அவமானம். நான் எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அது அவளைக் கீழே தள்ளியது.

இப்படியே இருந்த ஒரு நாள் எனக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைக்காமல் மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்காரருக்குப் பாதி நாள் வேலை, சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அவர் வரும் நேரமும் நெருங்கியது. என்ன நினைத்தேனோ, கடைசியாக மிச்சமிருந்த ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாபி வீட்டு வாசலுக்குப் போனேன். அதில் ஒன்றும் இல்லை. மூடியைக்கூட நான் எடுத்துப் போகவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். முதலில் பாத்திரத்துக்குள்தான் எட்டிப் பார்த்தாள்.

"நான் சமைக்கல பாபி" என்றேன். "உன் வீட்ல இன்னா கீது? கொஞ்சம் போடு. அவர் வந்துடுவார்."

அவள் என்னையே பார்த்தாள். நான் விளையாடுகிறேனா என்று பார்த்தாள். என் முகத்தில் பசியும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு நிஜமாகவே பசித்தது.

"வெறும் புளிச்சகீரைதாங்கா. வேற ஒண்ணும் இல்ல. கறி, கோஸ்துன்னு வாங்கியே எத்தினியோ நாளாச்சி."

"கீரையே போடு."

பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். சின்னச் சட்டியில் கீரைக் கடைசல், ஒரு பானையில் சோறு. அவ்வளவுதான் அன்றைக்கு அந்த வீட்டுச் சமையல், பாய் ராத்திரி வந்து சாப்பிட வேண்டியதும் சேர்த்து. அவள் சோற்றை எடுத்துப் போட்டாள். இன்னொரு கரண்டி போட்டாள். நடுவில் குழி பறித்துக் கீரையை ஊற்றினாள், அதன்மேல் இன்னும் சோறு வைத்தாள். போதும் பாபி, போதும் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. பானைக்குள் கரண்டி அடியில் உரசும் சத்தம் கேட்டது. நான் போதும் என்று சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியங்களில் அதுவும் ஒன்று.

"அண்ணனுக்குக் காரம் ஆகாதுல்ல? கம்மியாதான் போட்டிருக்கேன்" என்றாள். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு பழைய பாபி இருந்தாள். "நீங்களும் சரியா சாப்பிடறதே இல்ல போல. இளைச்சிட்டீங்க."

ஆபரேஷன் சமயத்தில் கஞ்சியோடு வந்து நின்றவள் பேசுகிற பேச்சு அது. சரி பாபி என்று மட்டும் சொன்னேன்.

நான் கிளம்பும்போது, "நில்லுங்கக்கா" என்றாள். மேடைமேல் கவிழ்த்து வைத்திருந்த டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு அடுக்கை என் இன்னொரு கையில் ஏற்றிவிட்டாள்.

"வெறுமையாத்தான் கீது" என்றாள்.

"கனமா இருந்தா நான் எப்படித் தூக்கறது?" என்றேன். அதற்கு அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். அவர் ஒரு நிமிடம் கையை நிறுத்தினார், பிறகு சாப்பிட்டார். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. புளிச்சகீரை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, எப்போதும் தள்ளி வைத்துவிடுகிறவர் அவர். சாப்பிட்டு முடித்து அவரே பாத்திரத்தைக் கழுவினார். உப்புக் காரம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் நான் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். சுவர்ப்பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னுடைய டப்பா ஒன்றும் அங்கே இல்லை. பாபியின் சொந்தக் கிண்ணம், ஓரம் நசுங்கிய அலுமினியக் கிண்ணம், உள்ளே ஒன்றும் இல்லாமல் சுவர் மேல் இருந்தது. அதன் பின்னால் அவள் நின்றிருந்தாள். கண்ணை எடுக்காமல் என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு இன்னா கொழம்பு?" என்றாள். "எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. இதுல கொஞ்சம் ஊத்துங்க."